ஜூன் மழையில் கேரளாவில் மீன் பிடிக்கலாமா? எல்லை தாண்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் உங்கள் போனில் ஒரு ரீல் வந்திருக்கும். பாலக்காடு பக்கம் ஒரு வயல், முழங்கால் தண்ணீர், துள்ளுகிற மீன்களைக் கையாலேயே அள்ளிக் கூடையில் போடும் ஆட்கள். ஆபீஸ் குரூப்பில் யாராவது "வீக்எண்ட் போலாமா?" என்று கேட்டிருப்பார்கள். கோவையிலிருந்து பாலக்காடும், தேனியிலிருந்து இடுக்கியும் பக்கம்தான். ஆனால், அந்த ரீலில் நடப்பது கேரளச் சட்டப்படி குற்றம். போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஊத்தா என்றால் என்ன?

நமக்கு ஊத்தா என்றால் அடிப்பகுதி இல்லாத மீன்பிடிக் கூடை. கண்மாயில் தண்ணீர் வற்றும்போது அதைக் குத்தி மீன் பிடிப்போம். மலையாளத்தில் 'ஊத்த' என்பது கூடை அல்ல, மீன்களின் பயணம். முதல் கனமழையில் ஆறும் ஓடையும் வயலும் ஒன்றாகச் சேரும்போது விரால், வாளை, கெளுத்தி, கெண்டை வகைகள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, ஆழமில்லாத இடத்தில் முட்டையிடப் போகின்றன. வயிறு நிறைய சினை இருப்பதால் வேகமாக நீந்த முடியாது. அதனால்தான் கைக்கே சிக்குகின்றன.

சால்மன் மீன் கடலிலிருந்து தான் பிறந்த ஆற்றுக்கு ஏறிவரும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது அதன் சின்ன வடிவம். அங்கே கடலிலிருந்து ஆற்றுக்கு, இங்கே ஆற்றிலிருந்து வயலுக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

கேரள உள்நாட்டு மீன்வளம் மற்றும் மீன்வளர்ப்புச் சட்டம், 2010 இதைக் கட்டுப்படுத்துகிறது. இனப்பெருக்கத்துக்காக ஏறும் மீன்களின் வழியை அடைத்து வலையோ பொறியோ வைக்கக் கூடாது. கரண்ட் வைப்பது, விஷம் கலப்பது, வெடி போடுவது எல்லாம் எந்த மாதத்திலும் குற்றம். அபராதத்தோடு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

"குழம்புக்கு ரெண்டு மீன்தானே?"

நியாயமான கேள்வி. தலைமுறை தலைமுறையாக ஊத்தப் பிடித்தவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். மணல் அள்ளியது, வயலை மூடி வீடு கட்டியது, பூச்சிமருந்து கலந்தது, தடுப்பணை கட்டியது எல்லாம் மீனை அழிக்கவில்லையா? அழித்தன. கேரளத்தில் 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல்வயல் பரப்பு, இன்று சுமார் 2 லட்சம் ஹெக்டேர்தான்.

ஆனால் அந்த எண்ணே தடைக்கும் காரணமாகிறது. ஏறுவதற்கு நூறு வழி இருந்த காலத்தில் பத்தில் பொறி வைத்தாலும் மீதி மீன் தப்பிவிடும். வழியே பத்துதான் என்றால், ஒவ்வொரு பொறியும் ஒரு கதவை மூடுகிறது. அதோடு, சினை மீன் ஒன்றைப் பிடித்தால் போவது ஒரு மீன் இல்லை, ஆயிரக்கணக்கான முட்டைகள்.

இத்தனை மீன்தான் என்று ஏன் அளவு வைக்கவில்லை?

வட அமெரிக்காவில் ஆறு ஏறும் சால்மனை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் பிடிக்கும் அளவைக் குறைக்கிறார்கள், மோசமானால் முழுசா மூடிவிடுகிறார்கள். கலிபோர்னியா 2023, 2024 இரண்டு ஆண்டும் கடலில் சால்மன் பிடிப்பதை நிறுத்தியது. யூகான் ஆற்றின் சினூக் சால்மனுக்கு அலாஸ்காவும் கனடாவும் 2024-ல் ஏழு ஆண்டு தடை போட்டன. ஏழு ஆண்டு என்பது அந்த மீனின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று.

நம் ஊரில் ஒரே வலையில் இருபது வகை மீன் ஏறும். பிடிப்பவர்களோ ஆயிரக்கணக்கான சிறு மீனவர்கள். தலை எண்ணி அளவு வைப்பது கஷ்டம். அதனால் மூன்று விஷயங்களைக் கட்டுப்படுத்துகிறோம்: காலம், கருவி, மீனின் நீளம்.

• கேரளக் கடல்: ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப்படகுத் தடை.
• தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை.
• குறைந்தபட்ச நீளம்: 2015-ல் இந்தியாவிலேயே முதலாவதாக 14 வகைகளுக்குக் கேரளா இதைக் கொண்டுவந்தது. 2017-ல் அது 58 வகையானது. மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூன் 10 முதல் 14 வரை இரண்டு தடையும் ஒன்றாக நடப்பில் இருக்கும். அந்த வாரம் மீன் விலை ஏறினால் இதுவும் ஒரு காரணம்.

மலையில் வேறு கணக்கு

இடுக்கியின் பெரியாறு, இரவிகுளம், பாலக்காட்டின் பரம்பிக்குளம் மூன்றும் காப்புக்காடுகள். பொள்ளாச்சி, டாப்ஸ்லிப் வழியாகத்தான் பரம்பிக்குளம் போவீர்கள் என்றாலும், உள்ளே கேரள வனத்துறை அதிகாரம்தான். இங்கெல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதில் வனவிலங்கு என்றால் யானை, புலி மட்டும் இல்லை, மீனும் சேரும். பெரியாறு ஏரியில் மன்னான், பளியர் மக்கள் மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டு நீங்களும் தூண்டில் போட முடியாது. அது அவர்களின் வாழ்வாதாரத்துக்கான அனுமதி.

மூணாறு ராஜமலை ஓடைகளில் இருக்கும் ரெயின்போ ட்ரௌட், சால்மனின் நெருங்கிய சொந்தம். தோட்டக்கார வெள்ளையர்கள் கொண்டுவந்து விட்டது. பெரியாற்றில் 'மலை ட்ரௌட்' என்று சொல்லப்படும் மீனோ கெண்டைக் குடும்பம். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அழியும் நிலையில் இருக்கிறது. பெயர் ஒன்று என்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• மழைக்காலத்தில் வயல், ஓடை மீனை வேடிக்கை பாருங்கள், பிடிக்காதீர்கள்.
• தூண்டில் போட ஆசை இருந்தால், முன்கூட்டியே மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறையிடம்.
• ரோட்டோரம் சினை மீன் விற்றால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை பொறியும் இருக்கும்.
• சந்தையில் விரல் நீள மத்தி மலிவாகக் கிடைத்தால், ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் இல்லையென்றால், அது பிடித்திருக்கவே கூடாத மீன்.