அடுத்தவர் கப்பலில் ஒரு ஆய்வுக்கூடம்

கடல் தண்ணியோட வேதியியலை அளக்கணும்னா பெரிய ஆராய்ச்சிக் கப்பல் வேணும்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஜெர்மனிக்குப் படிக்க வந்தப்புறம்தான், அந்த வேலையில பாதியை இங்க சரக்குக் கப்பலும் பயணிகள் கப்பலுமே பார்த்திருக்குன்னு தெரிஞ்சுது. கொஞ்சம் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கோங்க.

1875ல் ஹம்பர்க் நகரத்தின் 'டாய்ச்ச ஸேவார்ட்ட' கடல் ஆய்வு நிலையம் அரசு நிறுவனமானது. தலைவர் கியோர்க் ஃபான் நாய்மாயர். வியாபாரக் கப்பல் கேப்டன்கள்கிட்ட குறிப்பேட்டைக் கொடுத்து, போற வழியில காத்து, நீரோட்டம், தண்ணீரின் வெப்பம் எல்லாம் எழுதிட்டு வரச் சொன்னாங்க. கூடவே பாட்டில்களும். தேதியும் இடமும் எழுதின சீட்டை உள்ளே போட்டுக் கடல்ல வீசணும். கண்டெடுத்தவர் திருப்பி அனுப்பணும். நீரோட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிடும். 1886 ஜூன் 12 அன்று 'பவுலா' கப்பலிலிருந்து வீசின ஒரு பாட்டில், 2018ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் வெட்ஜ் தீவுப் பக்கம் மணல்ல கிடைச்சுது. ஜெர்மனியில பழைய குறிப்பேட்டைத் தேடிப் புரட்டினா, அதே தேதியில பாட்டில் வீசினதைக் கேப்டன் ஒழுங்கா எழுதி வெச்சிருக்கார்!

அடுத்த காட்சி, ஹம்பர்க் பக்கத்துல எல்ப நதிக்கரை ஊரான கேஸ்டாக்ட். அங்கே 1956ல் ஜி.கே.எஸ்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. நோக்கம், அணுசக்தியில ஓடும் வணிகக் கப்பல். 'ஓட்டோ ஹான்' என்ற அந்தக் கப்பல் 1968ல் ஓட ஆரம்பிச்சு, 1979ல் அணு உலையை நிறுத்திட்டாங்க. வேடிக்கை என்னன்னா, சொந்தமா அணுக்கப்பல் ஓட்டின அதே நிறுவனம், 2001 கடைசியில அடுத்தவர் பயணிகள் கப்பல்ல ஒரு பெட்டியை வைக்க இடம் கேட்டு நின்னுது.

அந்தப் பெட்டிதான் 'ஃபெர்ரிபாக்ஸ்'. ஹம்பர்க்கிலிருந்தும், பிறகு குக்ஸ்ஹாஃபனிலிருந்தும் இங்கிலாந்தின் ஹாரிச் போன கப்பல்ல அதை வெச்சாங்க. கப்பலின் அடியிலிருந்து தண்ணியை பம்ப் இழுக்கும். முதல்ல காற்றுக்குமிழியை நீக்கும். அப்புறம் உப்பு, வெப்பம், கலங்கல், ஆக்சிஜன், பி.எச்., பச்சையம், நைட்ரேட், பாஸ்பேட்னு வரிசையா அளக்கும். துறைமுகம் வந்ததும் தன்னைத்தானே கழுவிக்கும்.

ஏன் பயணிகள் கப்பல்? ஆராய்ச்சிக் கப்பல் வருஷத்துல சில தடவைதான் ஒரு இடத்துக்கு வரும். பாசிப் பெருக்கமோ ஒண்ணு ரெண்டு வாரத்துல வந்து போயிடும். கல்யாணம் முடிஞ்சு பந்தலைப் பிரிக்கும்போது போய் நிக்கிற மாதிரி ஆயிடும். தினம் அந்த வழியா போறவன் கண்ணுல எதுவும் தப்பாது.

ஆனா 2005 நவம்பர்ல அந்த ஹாரிச் சேவை நின்னுபோச்சு. வடகடலோட வேதியியல் ரொம்ப முக்கியம்தான், ஆனா அதுக்காக யாரும் டிக்கெட் வாங்க மாட்டாங்களே! பெட்டிகள் சரக்குக் கப்பல்களுக்கு மாறின. தடம் மாறினா, பழைய கணக்கோட புதுக் கணக்கை ஒப்பிடுறதே சிக்கல். இதே வடகடல்ல ஹெல்கோலாண்ட் தீவுல 1962லிருந்து வேலை நாள் ஒவ்வொண்ணும் படகுல போய்த் தண்ணி எடுக்கிறாங்க. ஓசிப் பயணத்துல நிறைய அளக்கலாம். நீண்ட காலம் அளக்க யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்.

இப்ப நம்ம கரைக்கு வருவோம். கப்பல் தடமே இல்லாத இடத்துக்கும் போறவங்க மீனவங்கதான். இத்தாலியில 2003லிருந்து ஏட்ரியாட்டிக் மீன்பிடிப் படகுகளின் வலையில கருவி கட்டி ஆழத்து வெப்பத்தை அளந்திருக்காங்க. நம்ம ஊர்ல ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியா பார்த்து, மீன் எங்கே இருக்கலாம்னு மீனவர்களுக்குச் சொல்லுது. செயற்கைக்கோளுக்குத் தெரியிறது மேல்தண்ணி மட்டும். அடித்தண்ணிக்கு வலையை இறக்குறது நாகப்பட்டினத்துக்காரரும் ராமேஸ்வரத்துக்காரரும்.

அவங்க படகுல ஒரு கருவி கட்டினா என்னன்னு கேக்கிறது சுலபம். ஆனா அளவோட சேர்த்து இடமும் பதிவாகும். நல்ல மீன் கிடைக்கிற இடத்தை யார்தான் ஊருக்குச் சொல்வாங்க? பாக் நீரிணையில படகு எங்கே நின்னுதுங்கிற பதிவு, எல்லை தாண்டினதுக்குச் சாட்சியாகவும் மாறலாம். 'பவுலா' கேப்டனுக்கு இந்தப் பயம் இருந்திருக்காது.

அதனால கருவியைக் கட்டுறதுக்கு முன்னாடி, அந்தப் பதிவு யார் கையில இருக்கும்னு மீனவர்கிட்ட உட்கார்ந்து பேசி முடிவு பண்ணணும். கருவி வாங்குறதைவிட அதுதான் கஷ்டமான வேலைன்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?