பருத்திக் கயிற்றின் சுங்க வகைப்பாடு

பருத்திக் கயிற்றின் சுங்க வகைப்பாடு என்பது பன்னாட்டு வணிகத்தில் பருத்தி நூல், சரடு, கயிறு ஆகியவற்றுக்கு உரிய சுங்கத் தலைப்பைத் தீர்மானிக்கும் முறை ஆகும். இது உலக சுங்க அமைப்பின் எச். எஸ். குறியீட்டு முறையை அடிப்படையாகக் கொண்டது. இம்முறை 1988 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் 1975 ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணை இதனைப் பின்பற்றுகிறது.

ஒரு பொருள் நூலா, கயிறா என்பதைப் பெரும்பாலும் அதன் எடையே முடிவு செய்கிறது. 10,000 மீட்டர் நூலின் கிராம் எடை டெசிடெக்சு எனப்படும். முறுக்கிய பருத்தி நூல் 20,000 டெசிடெக்சுக்கு மேற்பட்டால், அதாவது ஒரு மீட்டர் 2 கிராமுக்கு மேல் இருந்தால், அது கயிறாகக் கருதப்பட்டு 5607 ஆம் தலைப்பில் சேரும். நெருக்கமாகப் பின்னப்பட்ட கயிறு எந்த எடையினதாயினும் அதே தலைப்பிலேயே அடங்கும். இந்தியாவின் 8 இலக்க அட்டவணையில் பருத்திக் கயிற்றின் குறியீடு 56079020 ஆகும்.

மெல்லிய முறுக்கு நூல்கள் 52 ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தவை:

* 5204 - தையல் நூல்
* 5205 - 85 விழுக்காடும் அதற்கு மேலும் பருத்தி கொண்ட நூல்
* 5206 - அதனினும் குறைவாகப் பருத்தி கொண்ட நூல்
* 5207 - சில்லறை விற்பனைக்கான நூல்

தலைப்பு மாறினால் தீர்வை விகிதமும் மாறக்கூடும். தவறான தலைப்பினால் தீர்வை குறைந்திருந்தால், 1962 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி இறக்குமதியாளர் அந்த வேறுபாட்டை வட்டியுடன் செலுத்த நேரிடும்.