ப்யூஸ் கட்டையில இருந்து எம்.சி.பி. வரைக்கும்

நீலகிரி பைக்காராவில் 1932-ல நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்ச பிறகு, எங்க கொங்கு நாட்டுக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல மோட்டார் வந்துச்சு. கவலை இழுத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைச்சுது. மோட்டாரோட கூடவே வந்தது ப்யூஸ் கட்டை. பீங்கானுக்குள்ள ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான். கரண்ட் அளவு மீறினா அது உருகி லைனை அறுத்துடும். எடிசன் 1890-லயே இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார்.

நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? அடிக்கடி ப்யூஸ் போகுதுன்னு கட்டுக்கம்பியை முறுக்கிப் போட்டாங்க. ப்யூஸ் போகலை, மோட்டார் கருகிச்சு. காயில் கட்டுற கடைக்காரங்க பிழைச்சதே அதுலதான்!

1924-ல ஜெர்மனியில ஹூகோ ஷ்டாட்ஸ் கம்பெனி உருவாக்கினதுதான் இன்னைக்கு உங்க வீட்டுல இருக்கிற எம்.சி.பி.க்கு மூதாதை. உள்ளே ரெண்டு காவல்காரங்க. லோடு கூடினா சூட்டுல வளையுற தகடு ஒண்ணு. ஷார்ட் ஆனா நொடியில இழுக்கிற காந்தச் சுருள் இன்னொண்ணு.

அதுல 'சி16'னு போட்டிருந்தா, 16 ஆம்பியர் எப்பவும் ஓடலாம்னு அர்த்தம். தாண்டின உடனே விழுந்துடாது. 23 ஆம்பியர் போனா ஒரு மணி நேரத்துக்குள்ள விழும். 'சி'ன்னா 5 முதல் 10 மடங்கு கரண்ட் பாய்ஞ்சா உடனே விழும். 'பி'க்கு 3 முதல் 5, 'டி'க்கு 10 முதல் 20. எங்க 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர்தான் எடுக்கும், ஆனா நேரடியா ஸ்டார்ட் பண்ணினா ஆறு மடங்கு இழுக்கும். அதனால மோட்டாருக்கு சி அல்லது டி.

ஏரிக்குக் கலிங்கு எதுக்கு? கரை தாங்குற மட்டத்துக்கு மேல தண்ணி நிக்கக் கூடாதுன்னுதான். மழை அதிகம்னு கலிங்கை உசத்தினா கரை உடையும். எம்.சி.பி.யில இருக்கிற நம்பரும் அப்படித்தான். அது சுவத்துக்குள்ள இருக்கிற ஒயர் தாங்குற அளவு. டவுன்ல ஏ.சி. போட்டதும் டிரிப் ஆகுதுன்னு ஒயரை மாத்தாம 16-ஐ எடுத்துட்டு 32 மாட்டுறது, கட்டுக்கம்பி போட்ட அதே வேலைதான்.

இன்னொண்ணு. எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. ஒரு உசுரு போக ஒரு ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கே போதும், 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அதுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியா வேணும். உங்க மெயின் போர்டைத் திறந்து, அது இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.