கோரிடோரஸ்

கோரிடோரஸ், வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் சிறிய தென் அமெரிக்க நன்னீர்க் கெளுத்தி. செதில்களுக்குப் பதிலாக, உடலின் இருபுறமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் இதைக் காக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் 1803-இல் வகுத்த இப்பேரினத்தை 2024-இல் வெளியான ஆய்வொன்று பல பேரினங்களாகப் பிரித்தது. கடைகளில் இன்னும் எல்லாமே ‘கோரி’தான். வெண்கலக் கோரி 6 முதல் 7 செ.மீ. வரையும், குட்டைக் கோரி 2.5 செ.மீ. அளவும் வளரும். புள்ளிக் கோரியை அறிவியலுக்குக் கொண்டுவந்தவை, பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்த மாதிரிகள்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லி இதை விற்பது இம்மீனுக்கு இழைக்கும் அநீதி. மற்ற மீன்கள் விட்ட மிச்சத்தை மட்டும் நம்பினால் கோரி மெலிந்துவிடும். கழிவை அது உண்பதில்லை. அடியில் மூழ்கும் குளிகைகளை, விளக்கணைத்த பிறகு, இதற்கென்றே இட வேண்டும். இடையிடையே புழுக்களும் தரலாம். மீசைகளால் துழாவி, மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே வெளியேற்றி இரை தேடுவதால் அடித்தளம் மென்மணலாக இருப்பது நல்லது. கூரிய சரளையும் அழுக்கேறிய அடித்தளமும் மீசையை அரித்துவிடும்.

கூட்டமாக வாழும் மீன் இது. ஒரே இனத்தில் ஆறுக்குக் குறையாமல் வளர்க்க வேண்டும். தனியே விட்டால் மூலையில் பதுங்கிக் கிடக்கும். அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கும். குடலின் பின்பகுதி அக்காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. ஆகவே நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி தேவை. இந்தப் பாய்ச்சல் அடிக்கடி நிகழ்ந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். வெண்கலக் கோரிக்கு 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் ஏற்றது. சென்னைக் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது மூடியைத் திறந்து, மேலே வலையிட்டு, விசிறிக் காற்று படும்படி வைக்கலாம். துடுப்பு முட்கள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால், மீனைப் பிடிக்கச் சிறு பிளாஸ்டிக் டப்பாவே பாதுகாப்பு.

தொட்டி நீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் சற்றுக் குளிர்ந்த நீரை ஊற்றினால், மழைக்காலம் வந்ததுபோல் முட்டையிடத் தொடங்கும். வெண்கலக் கோரியில் பெண் மீன் ஆணின் விந்தை வாயால் பெற்று, குடல் வழியே வேகமாகக் கடத்தி, இடுப்புத் துடுப்புகளுக்கிடையே ஏந்திய முட்டைகளின் மேல் விடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 1995-இல் பதிவுசெய்தனர். முட்டைகளைக் கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டிவைக்கும். பெற்றோரே அவற்றைத் தின்றுவிடக்கூடும் என்பதால் வேறு தொட்டிக்கு மாற்றுவது வழக்கம். சில நாட்களில் பொரிந்துவிடும்.