பாட்டுப் பெட்டிகளும் பழுது பார்த்தோரும்

மதுரை மாநகரில் 1916-ஆம் ஆண்டு பிறந்து, பால்யத்திலேயே இசைத்தட்டில் பாடிய எம்.எஸ். சுப்புலக்ஷ்மி போன்றோரின் கானத்தை வீட்டிலிருந்தே நுகர விரும்பிய அக்காலத்துக் கிருகஸ்தர், சங்கீத ஞானத்தோடு சிறிது யந்திர ஞானமும் பெற்றிருக்க வேண்டியிருந்தது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷமே பாடும். அதற்குள் எஃகு ஊசியின் முனை தேய்ந்துவிடும். லோபத்தால் பழைய ஊசியையே மீண்டும் வைத்தவர், தட்டின் வரிகளைத் தம் கையாலேயே அழித்தவராவார். கிராமபோன் பெட்டியின் சாவியை அளவு மீறி முறுக்கினாலோ, உள்ளிருக்கும் வில் அறுந்து பெட்டி மௌனம் சாதிக்கும்.

1939-இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கிய பின்னர், வால்வு ரேடியோக்களோடு புதுவித வியாதிகளும் வீடுகளில் புகுந்தன. வால்வின் இழை கருகினால் பெட்டி அடியோடு ஊமையாகும். மின்தேக்கி உலர்ந்தால் கச்சேரியைக் காட்டிலும் இரைச்சலே மேலோங்கும். ரேடியோ மெக்கானிக்கோ வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் ஒவ்வொரு வால்வையும் விரலால் தட்டிப் பார்த்தே நோயை நிதானிப்பார்.

சுற்றுவட்டாரக் கிராமங்களின் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சென்ற மைக்செட்டுக்காரரோ, மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு பாட்டரியைச் சுமந்து சென்றதோடு, குழாய் ஒலிபெருக்கியின் யூனிட்டில் கம்பிச்சுருள் கருகினால் மாற்றுவதற்கு வேறொன்றையும் கைவசம் வைத்திருப்பார்.

டிரான்சிஸ்டர் பரவியதும் வால்வுகள் மறைந்தன. கச்சேரி செய்தவரைப் போற்றும் நம் சரித்திரக்காரர்கள், அக்கானம் தடைபடாமல் காத்த இத்தொழிலாளரையும் வட்டார வரலாற்றில் பதிவு செய்தல் அவசியமாகும்.