பிளாஸ்டிக், கால்பந்து, கொஞ்சம் வெயில்

ஊருக்குப் போயிருந்தப்போ தீர்த்தமலை ஏறினோம். அரூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு அறிமுகம் தேவையில்ல. படியேறி மூச்சு வாங்கிட்டு, தீர்த்தகிரீஸ்வரர் கோயில்ல பாறையிலிருந்து விழற ராம தீர்த்தத்துக்குத் தலையை நீட்டிட்டு நிக்கறேன். பக்கத்துல காலேஜ் படிக்கிற சித்தப்பா பையன், "அண்ணா, பிளாஸ்டிக்ல இருந்து கரண்ட் எடுக்கலாமாமே, நெசமாவா?"ன்னான்.

நான் முதல் வருசம் படிக்கும்போது வாத்தியார் கரும்பலகையில எழுதினது ஞாபகம் வந்துச்சு: பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது. பரீட்சையில அதையே எழுதி மார்க்கும் வாங்கினேன். அது அரை உண்மைன்னு பல வருசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. அதுக்குப் பிராயச்சித்தமா இந்தப் பதிவு.

கதையை நம்ம ஆளு ஒருத்தர்கிட்டேருந்து ஆரம்பிக்கலாம். வத்திராயிருப்புல 1898ல பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். ராமன் விளைவுல ராமனோட கூட உழைச்சவர்ங்கறதோட நாம நிறுத்திடுவோம். ஆனா 1930கள்ல அவர் சேஷன்கிறவரோட சேர்ந்து வேற ஒண்ணு பார்த்தார். ஆந்த்ரசீன் படிகத்துல துளியூண்டு நாப்தசீன் கலந்திருந்தா, வெளிச்சத்தை வாங்கறது பெரும்பாலும் ஆந்த்ரசீன். பதிலுக்கு ஒளிர்றது நாப்தசீன்! ஒரு மூலக்கூறு வாங்கின சக்தி இன்னொண்ணுக்குக் கைமாறுது. இங்கே கைமாறினது சக்தி மட்டும்தான், எலக்ட்ரான் இல்ல. எலக்ட்ரானே கைமாறினா? அதைப் பார்க்க அறுபது வருசம் ஆச்சு.

அதுக்கு ரெண்டு சரக்கு வேணும். ஒண்ணு, கரண்ட் கடத்துற பிளாஸ்டிக். 1977ல ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூணு பேரும் பாலிஅசிட்டிலீன்ல அயோடின் ஏத்தி, அது உலோகம் மாதிரி கடத்துறதைக் காட்டினாங்க. (நோபல் 2000ல.) இந்த வகைப் பாலிமர்ல ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அதனால எலக்ட்ரான் ஒரே இடத்துல கட்டுப்படாம சங்கிலி நெடுக நடமாட முடியும். ரெண்டாவது, 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த கால்பந்து, ஃபுல்லரீன். 1985ல கண்டுபிடிச்சாலும், 1990ல கிராட்ச்மரும் ஹஃப்மனும் கிராம் கணக்குல தயாரிக்க வழி சொன்ன பிறகுதான் மத்த ஆய்வகங்களுக்குக் கிடைச்சுது.

1992. கலிபோர்னியாவில சாண்டா பார்பரா. துருக்கியிலிருந்து வந்த சாரிசிஃப்ட்சி, ஸ்மிலோவிட்ஸ், ஹீகர், வூடுல் நாலு பேரும் ரெண்டையும் கலந்து வெளிச்சம் அடிச்சாங்க. தனியா இருந்தா நல்லா ஒளிர்ற பாலிமர், ஃபுல்லரீன் சேர்ந்ததும் அணைஞ்சு போச்சு. ஒளி எங்க போச்சு? காந்தப்புலத்துல வச்சு எலக்ட்ரான் சுழற்சியை அளந்தா ரெண்டு குறி தெரிஞ்சுது: பாலிமர்ல ஒரு பாசிட்டிவ், கால்பந்துல ஒரு நெகட்டிவ். திருடனைக் கையும் களவுமா பிடிச்ச மாதிரி. அதே வருசம் ஜப்பான்ல ஒசாகாவில மொரிட்டா, ஜாகிடோவ், யோஷினோ குழுவும் வேற பாலிமர்ல இதே மாதிரி பார்த்தாங்க. அவங்க பேரை ஏனோ பலபேர் சொல்றதில்ல.

பின்னால அளந்தப்போ, எலக்ட்ரான் தாவுற நேரம் சுமார் 45 ஃபெம்டோ செகண்டுன்னு வந்துச்சு. ஒரு செகண்டைக் கோடி கோடியா வெட்டி, அதுல ஒரு துண்டை இன்னும் பத்தா வெட்டினா ஒரு ஃபெம்டோ. ஆனா திரும்பி வர்றதுக்கு அதைவிடப் பல கோடி மடங்கு நேரம் எடுத்துக்குது. தம்பிகிட்ட, "இந்தத் தண்ணி மாதிரிதான், விழறது சுலபம், பாறை மேல திரும்ப ஏறுமா?"ன்னேன். (உவமை முழுசாப் பொருந்தாது. எலக்ட்ரான் மெதுவாவாவது திரும்பிடும். அதுக்குள்ள அதை வெளிய இழுத்துக்கணும்.)

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிச்சம் பட்டு உண்டாகிற எலக்ட்ரான்-துளை ஜோடி பத்து நானோமீட்டர் அளவுதான் நகரும், அப்புறம் செத்துடும். அடுக்கு மேல அடுக்கா வச்சா எல்லை வரைக்கும் வர்றது கொஞ்சம்தான். 1995ல யூ, காவ், ஹும்மலன், வூடுல், ஹீகர் என்ன பண்ணாங்கன்னா, கரையக்கூடிய ஒரு ஃபுல்லரீனைப் பாலிமரோட சாம்பார் சாதம் மாதிரி பிசைஞ்சுட்டாங்க. எங்க பார்த்தாலும் எல்லைதான்! அப்புறம் 2001ல வெயில்ல 2.5 சதவீதம், 2005 வாக்குல 5 சதவீதம்னு ஏறுச்சு.

அதே 2001ல ஹீகரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. பேரு கொனார்கா. ஆமா, நம்ம கொனாரக் சூரியன் கோயில் பேருதான். அதுக்கு வித்திட்ட சுகந்த் திரிபாதி இந்தியாவில பிறந்தவர். 2000 டிசம்பர்ல ஹவாய்ல கடல்ல மூழ்கி இறந்துட்டார். கம்பெனியைப் பார்க்கக் குடுத்து வைக்கல. அந்தக் கம்பெனியும் 2012ல திவாலாச்சு. சிலிக்கான் விலை சரிஞ்ச வேகத்துக்கு பிளாஸ்டிக்கால ஈடு குடுக்க முடியல.

கால்பந்துக்கும் அதே கதிதான். 2015க்கு அப்புறம் ஃபுல்லரீன் இல்லாத மூலக்கூறுகள் வந்து, ஆய்வகத்துல 20 சதவீதத்தைத் தொட்டாச்சு. ஆனா எலக்ட்ரானை வாங்கிக்க ஒருத்தன், குடுக்க ஒருத்தன், ரெண்டையும் பிசையணும்ங்கற சூத்திரம் 1992, 1995ல போட்டதுதான். அதை யாரும் மாத்தல.

"அப்ப நம்ம வீட்டு ஓட்டு மேல எப்பண்ணா வரும்?"

"இப்போதைக்கு சிலிக்கான் பேனலையே போடுடா"ன்னு சொல்லிட்டு இறங்கினோம். படியில பாதி தூரம் வரைக்கும் அவன் ஒண்ணும் பேசல. அப்புறம், "அந்த கிருஷ்ணனைப் பத்தி எங்க புத்தகத்துல இல்லையே"ன்னான்.

எங்க புத்தகத்துலயும் இல்ல. அவரோட கல்கத்தா நாட்களைப் பத்தித் தமிழ்ல யாராவது விரிவா எழுதியிருந்தா சொல்லுங்க மக்கா, தம்பிக்குக் குடுக்கணும்.