ஜெபர்ஸன் விட்டுச் சென்ற கடன்



அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெபர்ஸன், அப்பிரகடனத்துக்குச் சரியாக 50 ஆண்டு நிறைந்த 1826 ஜூலை 4ஆம் நாள் காலமானார். வகுப்பறையில் இதனைப் பன்முறை வியந்து கூறியுள்ள நான், அதன் பின் நிகழ்ந்ததைக் கூறாது விட்டுவிட்டேன். அக்குறையை இன்று தீர்த்துக்கொள்கிறேன்.

அவர் விட்டுச் சென்ற கடன் 1,00,000 டாலருக்கும் மேற்பட்டது. வர்ஜீனியாவில் ஆல்பமார்ல் கவுண்டி நீதிமன்றத்தில் ஆகஸ்டு மாதம் உயில் மெய்ப்பிக்கப்பட்டது. பேரர் தாமஸ் ஜெபர்ஸன் ராண்டால்ஃப் அதனை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றார். இறந்தவரின் சொத்து முதலில் கடன் கொடுத்தோருக்கு, எஞ்சியதே வாரிசுகளுக்கு. அசையும் பொருள் முன்னே, நிலம் பின்னே. இந்நெறியில் பிழை என்ன என்று நீங்கள் கேட்கலாம். நெறியில் பிழையில்லை. ஆனால் அந்நாட்டுச் சட்டம் அடிமைப்பட்ட மனிதரையும் அசையும் பொருள்களோடு சேர்த்து எண்ணியதே, அங்குதான் கொடுமை! மதிப்பீட்டுப் பட்டியலில் ஆண், பெண், குழந்தை ஒவ்வொருவருக்கும் ஒரு விலை எழுதப்பட்டது.

உயில் ஐவருக்கு மட்டும் விடுதலை அளித்தது. அவருள் ஒருவர் கொல்லரான ஜோசப் ஃபாஸெட். எஜமானர் இறந்து ஓராண்டு கழிந்தபின், அதாவது 1827 ஜூலையில், அவர் சுதந்திர மனிதராவார். ஆனால் மனைவி ஈடித்துக்கும் மக்களுக்கும் உயிலில் ஒரு சொல்லும் இல்லை. இத்தனைக்கும் ஈடித், ஜெபர்ஸன் ஜனாதிபதியாயிருந்தபோதே அவர் மாளிகையில் சமையற்கலை பயின்று, பின்னர் மான்டிசெல்லோ இல்லத்தில் உணவு சமைத்தவர்.

1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. 130 அடிமைகள் விற்பனைக்கு என்று முன்கூட்டியே விளம்பரம் செய்திருந்தனர். தட்டுமுட்டுச் சாமான்களும் கால்நடைகளும் உடன் விலை போயின. தாம் விடுதலை பெற இன்னும் ஆறு மாதம் இருக்கையில், ஜோசப் தம் குடும்பம் சிதறியதைக் காண நேர்ந்தது. உறவினர் உதவியால் ஈடித்தும் இளங்குழந்தைகள் இருவரும் மீண்டனர். ஏனையோர் வெவ்வேறு வீடுகளுக்குப் போயினர். ஜோசப் தம் உழைப்பால் அவர்களுள் சிலரை மீட்டு, 1837இல் மனைவிக்கும் மக்கள் ஐவருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தார். சட்டத்தின் கண்ணில் அதுவரை அவர்களுக்கு உடைமையாளர் அவரே!

இத்தனை விற்றும் கடன் தீரவில்லை. 1831இல் மான்டிசெல்லோ இல்லமும் கைமாறியது.

ஏலம் போன மக்களுள் பீட்டர் 11 வயதுச் சிறுவன். இருமுறை தப்பியோடிப் பிடிபட்டு, 1850இல்தான் விடுதலை பெற்றார். சின்சினாட்டி நகரில் கிறிஸ்தவப் போதகராகி, முதுமையில் 1900ஆம் ஆண்டு தாம் பிறந்த மான்டிசெல்லோவைக் காண ஒருமுறை சென்றுவந்தார். மறு ஆண்டு காலமானார்.